ஏழு பேர் ஒரே வாயால் படித்த பாடம்

மாலையில் பூங்காவில் கூடுகிற நம் கூட்டத்தில் என் குரலை நீங்கள் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். நீங்கள் பேசுவீர்கள். நான் சிமென்ட் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பேன். போன வாரம், சங்கத்து மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும், தலைப்பு 'நான் படித்த இடம்' என்று முடிவானது. ரிட்டையர்டு டீச்சரம்மா திருச்சியில் தான் படித்த காலேஜைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்தவர் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வைத்தார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, சட்டென்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று உங்களுக்குத் தெரியும். என் மனம் நோகக் கூடாது என்றுதான் பேச்சை மாற்றினீர்கள். அது எனக்குப் புரிந்தது.

ஆனால் எனக்கும் ஒரு படித்த இடம் இருக்கிறது. வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடம், நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய வடக்குத்து என்ற ஊரில் எங்கள் வீட்டுக் கொல்லை. கீற்று வீடு. பின்னால் கீற்று இறக்கிய ஒரு தாழ்வாரம், அதில் அம்மா துணி காயப் போடும் கொடிக் கயிறு, ஒரு கிழட்டு முந்திரி மரம், ஒரு ஆட்டுக்கொட்டகை, தெருவுக்கே பொதுவாக ஒரு கிணறு. தரை முழுக்கச் செம்மண். ஆனால் எங்கள் வீட்டு வாசலில் மட்டும் மண் கறுத்துக் கிடக்கும். அப்பா சுரங்கத்திலிருந்து வந்து காலை உதறுகிற இடம் அது. மழை பெய்தால் அந்தக் கரித்தூளிலிருந்து ஒரு வாசனை எழும். ஈர விறகு பாதி எரிந்து அணைந்த மாதிரி, அதில் கொஞ்சம் கந்தகம் கலந்த மாதிரி. சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் பிறந்த உங்கள் பிள்ளைகளுக்கு அது நாற்றம். எனக்கு அது அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்ற செய்தி.

எங்கள் தெருவில் யாருக்கும் ஒரு குழி நிலம் கிடையாது. தாத்தா காலம் முழுக்க அடுத்தவர் முந்திரிக் கொல்லையில்தான் வேலை. யார் வேண்டுமானாலும், சின்னப் பையன் கூட, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "டேய்" என்று கூப்பிடலாம். சுரங்கம் வந்த பிறகு எங்கள் ஆட்கள் கான்ட்ராக்டில் பெல்ட் வேலைக்குப் போனார்கள். வெட்டிய கரியும் மண்ணும் ரப்பர் பெல்ட்டில் ஏறிக் கண்ணுக்கெட்டிய தூரம் ஓடும். பெல்ட்டுக்கு அடியில் இரும்பு உருளைகள் சுற்றும். தேய்ந்த உருளையை மாற்றுவது, சிந்திய கரியை அள்ளுவது, பெல்ட் கோணிக்கொண்டு ஓடினால் நிறுத்தி நேராக்குவது, இவைதான் எங்கள் ஆட்களின் வேலை. ஏழு பேர் ஒரு குழு. அதில் மூத்தவர் என் பெரியப்பா. அடுத்து அப்பா. கடைசியில் சித்தப்பா. மற்ற நான்கு பேரும் அதே தெருதான், எனக்கு மாமன் முறை.

கான்ட்ராக்ட் ஆள் என்பதற்கு அடையாளமாக ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை கொடுத்திருந்தார்கள். நடுவில் ஓட்டை போட்டு, எண் அடித்தது. அப்பா அதை இடுப்புக் கயிற்றில் கோத்திருப்பார். குளிக்கும்போது மட்டும் என்னிடம் கொடுப்பார். நான் அதைப் புளி போட்டுத் தேய்ப்பேன். "அத இன்னாத்துக்கு பளபளன்னு ஆக்குற? நாளைக்கே வாங்கிக்கினு போயிடுவானுங்க" என்பாள் அம்மா. அப்படித்தான் ஆனது. அந்த வில்லையை இன்னொரு முறை கையில் வைத்துப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. எந்த உலையில் உருகிப் போனதோ.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த ஐப்பசி அது. அப்பா குழு வேலை செய்த அதே பெல்ட்டில் பர்மனன்ட் ஃபிட்டராக ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லாரும் அண்ணாச்சி என்போம். டவுன்ஷிப்பிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி எங்கள் தெருவுக்கு வந்தார். அவர் மாதிரி ஆட்கள் தெருமுனையிலேயே நின்றுவிடாமல் எங்கள் தெருவுக்குள் வருவது அப்போது பெரிய விஷயம்.

"கேளுங்க, பெல்ட்டுல பழைய ஆளுகளக் கூப்பிட்டுப் பரீட்ச வைக்கப் போறாவ. வாயாலதான் கேப்பாவ, எழுதச் சொல்ல மாட்டாவ. தேறினா பர்மனன்ட். தேறலேன்னா பொங்கலோட கான்ட்ராக்ட்டு முடிஞ்சிரும், வேற ஆளு வந்துருவான்," என்றார். பிறகு சட்டைக்குள்ளிருந்து எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். பெல்ட் வேலைக்கான பாதுகாப்பு விதிகள், தமிழில் அச்சடித்தது. "இதுல உள்ளதத்தான் கேப்பாவ. வச்சிக்கிடுங்க."

அன்றைக்கு அடுப்படியில் அம்மா தனக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தாள். பர்மனன்ட் என்றால் க்வார்ட்டர்ஸ். க்வார்ட்டர்ஸ் என்றால் வீட்டுக்குள்ளேயே குழாய். "தொறந்தா தண்ணி வருமாமே. நெசமாவா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? அப்பாவுக்குக் குழாய் பெரிதில்லை. தேறாவிட்டால் பொங்கலுக்குப் பிறகு மறுபடியும் முந்திரிக் கொல்லையில் போய் நிற்க வேண்டும், மறுபடியும் அந்த "டேய்". அதை அவர் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

சிக்கல் என்னவென்றால், ஏழு பேரில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். ஊர்க் கடைக்காரரின் படித்த மகனைக் கூப்பிட்டால் அவனுடைய அம்மா எங்கள் தெருவுக்குள் விட மாட்டாள். கொல்லையில் கூடி உட்கார்ந்து, புத்தகத்தை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கதவோரம் நின்று சொன்னாள்:

"நம்ம பொண்ணு படிக்கும்."

அப்பா நம்பவில்லை. "அதுக்குத்தான் படிப்பே ஏறலன்னு டீச்சரு சொன்னாங்களே."

சொன்னது உண்மை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னை எழுந்து படிக்கச் சொல்வார். எழுந்து நிற்பேன். எழுத்தெல்லாம் தெரியும், என்ன எழுதியிருக்கிறது என்பதும் தெரியும். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும், என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். டீச்சர் கொஞ்ச நேரம் காத்திருப்பார். பிறகு உட்காரச் சொல்வார். இரண்டு வருஷம் இப்படிப் போன பிறகு கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார். கெட்டவர் இல்லை. பேசாத பிள்ளைக்குத் தெரியாது என்று முடிவு செய்துவிட்டார், அவ்வளவுதான்.

"ஆட்டுக்குப் படிச்சிக் காட்றா," என்றாள் அம்மா. "கடலப் பொட்டலக் காயிதம் ஒண்ணு வுடறதில்ல. கொட்டாய்ல குந்திகினு ஆட்டுக்கு எல்லாத்தையும் படிக்கிறா. நான் அடுப்புல இருந்து கேட்டுகினுதான் இருக்கேன்."

சித்தப்பாவுக்கு அது போதும். "ஆட்டுக்குப் படிச்சா எங்களுக்கும் படிக்கட்டும் அண்ணி. நாங்களும் தழைய மென்னுகினு கேக்குறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஆட்டுக்கொட்டகைக்குள் ஓடிவிட்டேன். அம்மா கையைப் பிடித்து இழுத்து வந்து, புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். ஏழு ஆண்கள் என் வாயையே பார்த்தார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்பாவின் முகம் மாறுவதைப் பார்த்தேன், டீச்சர் முகம் மாறுகிற மாதிரியே.

 அம்மா உள்ளே போய் அவளுடைய அரக்கு நிறச் சேலையைக் கொண்டுவந்து கொடியில் விரித்துப் போட்டாள். என்னை அதற்குப் பின்னால் தள்ளி, "இப்ப படி. ஆடுன்னு நெனச்சிக்கோ," என்றாள்.

சேலைக்கு அந்தப் பக்கம் ஏழு பேர். இந்தப் பக்கம் நானும் காடா விளக்கும். ஆரம்பித்தேன்.

"பழுது பார்க்கும் பணியைத் தொடங்கும் முன் கட்டுப்பாட்டு அறைக்கு அறிவித்து, பெல்ட்டை நிறுத்தச் செய்தல் வேண்டும்."

 அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பாவின் குரல்: "கட்டுப்பாட்டு அறைன்னா இன்னாது?"

"கன்ட்ரோல் ரூமா இருக்கும்ணே," என்றார் அப்பா.

"அத அப்பிடியே போடக் கூடாதா? நமக்கும் புரிஞ்சித் தொலையும்."

இப்படித்தான் எங்கள் பள்ளிக்கூடம் ஆரம்பமானது. எனக்கு அந்தச் சொற்கள் புரியாது, அவர்களுக்கு எழுத்து தெரியாது. நான் 'இழுப்பு விசைக் கயிறு' என்று படிப்பேன். அது என்ன என்று எனக்குத் தெரியாமல் நிறுத்துவேன். பெல்ட் நெடுக ஓடுகிற கயிறு, எங்கே நின்று இழுத்தாலும் பெல்ட் நின்றுவிடும் என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மாமா எனக்கு விளக்குவார். நான் மறுபடி படிப்பேன். பெல்ட்டையோ சுரங்கத்தையோ நான் அன்று வரை பார்த்ததில்லை. ஆனால் அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஒரு உருளையை எப்படி மாற்றுவது என்று எனக்குக் கண்ணால் பார்த்தது போலத் தெரிந்துவிட்டது.

சில நாள் கழித்துப் பெரியப்பா ஒரு யோசனை சொன்னார். அவர் சின்ன வயதில் கிணற்றில் ஏற்றம் இறைத்தவர். ஏற்றத்தில் மேலே நடப்பவர் பாட்டில் ஒரு அடி சொல்வார், கீழே தண்ணீர்ச் சால் பிடிப்பவர் அடுத்த அடியைச் சொல்வார். ஒருவரே முழுப் பாட்டையும் சொல்லமாட்டார், மூச்சு வாங்கும்.

"இத முழுசா ஒருத்தன் முழுங்க முடியாதுடா. ஏத்தத்துல சொல்றாப்புல பிரிச்சிக்குவோம். நான் எடுத்துக் குடுக்குறேன், நீங்க வாங்கிகினு போங்க."

அதுதான் எங்களுக்கு வந்த வழி. வேலையிலும் அப்படித்தானே. கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்வது பெரியப்பா. மின்சாரத்தை நிறுத்திய பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொள்வது அப்பா. சிவப்புப் பலகை தொங்கவிடுவது ஒரு மாமா. கயிற்றோரம் நிற்பது இன்னொரு மாமா. உருளையைத் தூக்குவது இருவர். கடைசியில் ஆள் எண்ணிவிட்டு, பெல்ட் மறுபடி ஓடப் போகிறது என்று ஊதும் சைரனுக்குச் சொல்வது சித்தப்பா. அவரவர் வேலையை அவரவர் வாயில் வைத்தார்கள். பெரியப்பா ஆரம்பிப்பார், அப்பா வாங்குவார், அப்படியே ஓடிப் போய்ச் சித்தப்பாவிடம் முடியும். நடுவில் ஒரு மூச்சு இடைவெளி இருக்காது. மழை கீற்றில் விழுகிற சத்தத்துக்கு மேல் அந்த ஏழு குரலும் ஒரே வாயிலிருந்து வருவது போல இருக்கும். அண்டை வீட்டார் வேலியோரம் வந்து நின்று கேட்பார்கள். சேலைக்குப் பின்னால் உட்கார்ந்து, தவறு வருகிறதா என்று நான் புத்தகத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வருவேன். தவறு வராது.

கார்த்திகையில் பரீட்சை. ஏழு பேரும் வெளுத்த வேட்டி, படிய வாரிய தலையோடு போனார்கள். அம்மா வடை சுடப் பருப்பு ஊற வைத்திருந்தாள். அவர்கள் மத்தியானத்துக்கு முன்பே திரும்பிவிட்டார்கள்.  கிணற்றடியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்த பிறகுதான் சித்தப்பா சொன்னார்.

ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். முதலில் பெரியப்பா. அதிகாரி கேட்டிருக்கிறார்: "ஒரு உருளை மாத்தணும். என்னென்ன செய்வீங்க, சொல்லுங்க."

"கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லி பெல்ட்ட நிறுத்தணுங்க."

"சரி. அப்புறம்?"

பெரியப்பா கதவைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். "அப்பறம் எங்க தம்பிங்க."

"தம்பியா?"

"தம்பி சொல்வாங்க. வெளிய நிக்கிறாங்க."

அடுத்து அப்பா போயிருக்கிறார். எடுத்ததும், "பெட்டிக்குப் பூட்டுப் போட்டு சாவிய கையில வெச்சிக்கணுங்க," என்றிருக்கிறார். "அதுக்கு முன்னாடி என்ன?" என்று கேட்டதற்கு, "அண்ணன்தான் சொல்லிட்டாருங்களே," என்றாராம்.

சித்தப்பா இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். "என்னைக் கேட்டப்ப நான் நேரா சைரன் ஊதிட்டேன். பெல்ட்ட நிறுத்தவே இல்ல, அதுக்குள்ள ஊதிட்டேன்."

அந்த அதிகாரி நல்ல மனிதர்தான். தைப்பூசம் முடிந்து இன்னொரு முறை வரச் சொன்னார், அதுவரைக்கும் வேலையும் இருக்கும் என்றார். ஆனால் அதுதான் கடைசி முறை. "ஒண்ணுமே தெரியாம வந்திருக்கீங்களே," என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தச் சொல்தான் பெரியப்பாவை அறுத்தது. "ஒண்ணுமே தெரியாம," "ஒண்ணுமே தெரியாம" என்று அவர் கிணற்றுச் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்காதவருக்குத் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அது எவ்வளவு தவறு என்று அந்தத் தெருவில் என்னைவிட யாருக்குத் தெரியும்? பத்து வயதில் பெரியவர் ஒருவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். அவருக்குக் கோபம்.

"ஒருத்தர் எடுக்க ஒருத்தர் முடிக்க, இதென்ன வே கூத்தா? நாளைக்கு நீரு ஒத்தையில நிக்கும்போது, எங்கவே உம்ம தம்பின்னு பெல்ட்டு நின்னு கேக்குமா?"

"நாங்க எப்பவும் ஒண்ணாதான் நிக்கிறோம்," என்றார் பெரியப்பா.

அப்போது அப்பா மெதுவாகச் சொன்னார். "எப்பவும் இல்லண்ணே. போன ஆடியில கயித்தாண்ட நிக்கிற மச்சானுக்கு காய்ச்சல். அந்த எடத்துல யாரும் நிக்கல. யாரு நிக்கிறதுன்னு யாருக்கும் தோணல. என் சட்ட உருளையில மாட்டிச்சி. கிழிஞ்சி வந்ததால பொழச்சேன்."

அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. அம்மா வெளியே வந்தாள். "முள்ளுக் கம்பியில மாட்டிச்சின்னு சொன்ன!"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தச் சட்டைய நானே குந்தி தச்சிக் குடுத்தேன். முள்ளுக் கம்பின்னு நெனச்சி, பாத்துப் போவக் கூடாதான்னு உன்னத் திட்டிகினே தச்சேன்." அவள் அழவில்லை. கையில் கரண்டி இருந்தது. ஏழு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "பர்மனன்ட் ஆவுறீங்களோ ஆவலியோ. இந்தப் பொஸ்தவத்துல உள்ளத ஏழு பேரும் முழுசா தெரிஞ்சிக்காம எவனும் பெல்ட்டாண்ட போவக் கூடாது. ஆமா."

அன்றிலிருந்து எங்கள் பாடம் மாறியது. ஒவ்வொருவரும் முழுவதையும் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு இது சுலபமாக இருக்கிறது. பெரியப்பா எழுந்து நின்றார், முதல் அடியைச் சொன்னார், அடுத்ததற்கு வாய் வரவில்லை. "எல்லாம் தெரியுதுடா. உங்க கண்ணுங்களப் பாத்தா நாக்கு ஒட்டிக்குது," என்றார். எனக்குத் தெரிந்த நோய் அது. நான் சேலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "பெரியப்பா, நீங்க இங்க வாங்க," என்றேன். அவர் இந்தப் பக்கம் வந்தார். நான் அந்தப் பக்கம் போக வேண்டியதாயிற்று, ஒரு விளக்கின் இடத்தில் இரண்டு பேர் உட்கார முடியாது.

அவர் சேலைக்குப் பின்னால் நின்று பேசினார். இரண்டாவது அடியில் தடுமாறியபோது ஆறு பேரும் ஒரே நேரத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். அதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. சொல்கிறவருக்கு மறதி ஒரு பங்கு என்றால், கேட்கிறவர்களுக்குச் சும்மா இருக்க முடியாதது மூன்று பங்கு. இத்தனை வருஷம் ஒருவன் தூக்கும்போது இன்னொருவன் கை கொடுத்துப் பழகியவர்கள். ஒருவன் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருப்பது அவர்களுக்குப் பாவம் செய்வது போல இருந்தது. கடைசியில் அம்மா சட்டம் போட்டாள். எடுத்துக் கொடுக்கிற ஆள் கிணற்றில் இரண்டு குடம் தண்ணீர் சேந்தி ஊற்ற வேண்டும். மார்கழி முழுக்க எங்கள் வீட்டுப் பானை வற்றவே இல்லை. பக்கத்து வீட்டுக்கும் சித்தப்பாதான் ஊற்றினார். "அண்ணி, இதுக்கு ஏத்தமே எறச்சிருக்கலாம்," என்று புலம்புவார்.

ஒருநாள் அண்ணாச்சி வந்தபோது தன் தலையிலிருந்த மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் வைத்தார். அது மூக்கு வரைக்கும் இறங்கியது. "நீதான் இன்னைக்கு ஆபீசர். கேளு," என்றார். எதிரே யார் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை, வேட்டி நுனிகளும் கால்களும்தான் தெரிந்தன. "ம்ம், சொல்லுங்க. பெட்டிக்குப் பூட்டு எதுக்கு?" என்று அதட்டினேன். என் குரலா அது என்று எனக்கே ஆச்சரியம். சித்தப்பா உண்மையிலேயே பயந்து எழுந்து நின்று, "நாம உள்ள இருக்கசொல்ல வேற எவனாச்சும் சுவிட்ச்ச போட்டுடக் கூடாதுங்க," என்றார். அதன் பிறகு எனக்கு ஹெல்மெட் தேவைப்படவில்லை. சேலை எப்போது கொடியிலிருந்து போனது என்று ஞாபகம் இல்லை. குளிர் அதிகமானது, அம்மா அதைப் போர்த்திக்கொள்ள எடுத்திருப்பாள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷத்தோடு என் பள்ளிக்கூடம் நின்றது. தம்பி பிறக்க இருந்தான். ஆறாம் வகுப்புக்குத் தூரம் போக வேண்டும். "டீச்சரே படிப்பு ஏறலன்னு சொல்லிட்டாங்க, அப்பறம் எதுக்கு?" என்றார் அப்பா. என் வாயால் விதி முழுவதையும் கற்றுக்கொண்ட அப்பா. அவர் மேல் எனக்கு அப்போது கோபம் இல்லை, இப்போதும் இல்லை. ஆனால் இந்த வயதில் யோசித்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. கொல்லையில் நடந்தது அவருக்கு வேலை. படிப்பு என்பது வேறு எங்கோ, மணி அடிக்கிற கட்டடத்தில் இருப்பது. இரண்டும் ஒன்று என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

தைப்பூசத்துக்குப் பெரியப்பா வழக்கம் போல வடலூருக்கு நடந்து போய் ஜோதி பார்த்து வந்தார். அடுத்த வாரம் பரீட்சை. இந்த முறை அம்மாவும் நானும் கூடப் போனோம். அம்மா நிறைமாதம். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. ஒரு பெரிய தூக்கில் புளிச்சோறு. ஆபீஸ் என்பது தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம். ஜன்னல் திறந்திருந்தது. தூரத்தில் பெல்ட் ஓடுகிற சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. நான் முதன்முதலாகக் கேட்ட பெல்ட் சத்தம்.

பியூன் வந்து பெரியப்பாவைக் கூப்பிட்டார். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். ஆறு பேரும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

அதிகாரியின் குரல் கேட்டது. அதே கேள்வி. உருளை மாற்ற வேண்டும், என்னென்ன செய்வீர்கள்.

"கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லி பெல்ட்ட நிறுத்தணுங்க."

பிறகு அமைதி. நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அந்த அமைதி எவ்வளவு நேரம் இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. என் முன்னால் உட்கார்ந்திருந்த ஆறு பேரின் உதடுகளும் அசைந்தன. அப்பா துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். சித்தப்பா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கண்களை மூடியிருந்தார். அடுத்த அடி அப்பாவுடையது. அது அவர் தொண்டையில் நின்று துடித்ததை நான் பார்த்தேன். ஆறு பேரில் ஒருவரும் ஒரு சத்தம் விடவில்லை.

"பெட்டிக்குப் பூட்டுப் போட்டு," என்றது ஜன்னலுக்குள்ளிருந்து பெரியப்பாவின் குரல், "சாவிய கையில வெச்சிக்கணுங்க."

அப்புறம் நிற்கவில்லை. பலகை, கயிறு, உருளை, கருவிகளைத் திரும்ப எடுப்பது, ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அவசரமில்லாமல், அவர் நடக்கிற நடை போல. "கடைசியா எல்லாரும் வெளிய வந்தாச்சான்னு ஆளு எண்ணணுங்க. அப்பறந்தான் சைரன்."

"எதுக்கு எண்ணணும்?" என்று கேட்டார் அதிகாரி. "பார்த்தாலே தெரியாதா?"

அது புத்தகத்தில் இல்லாத கேள்வி. நான் அதை ஒருநாளும் கேட்டதில்லை.

பெரியப்பாவின் குரல் வந்தது. "நாங்க ஏழு பேருங்க. பாக்கசொல்ல ஆறு பேரு இருந்தாலும் கூட்டமாத்தான் தெரியும். எண்ணுனாதான் ஒருத்தன் இல்லன்னு தெரியும்."

 அதிகாரி பேனாவை மூடுகிற சத்தம் கேட்டதாக அம்மா பிற்பாடு சொல்வாள், அது அவளாகச் சேர்த்தது என்று நினைக்கிறேன். பியூன் வாசலுக்கு வந்தார். பின்னால் பெரியப்பா, முகமெல்லாம் வேர்வை.

"தேறியாச்சு. அடுத்த ஆள் வாங்க," என்றார் பியூன்.

ஆறு பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"யோவ், ஒருத்தர்யா, ஒருத்தர்!" என்று கத்தினார் பியூன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா துண்டை வாயிலிருந்து எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

வெயில் சாய்வதற்குள் ஏழு பேரும் தேறிவிட்டார்கள். சித்தப்பா மட்டும் சைரனை இரண்டு முறை ஊதினாராம். ஆபீஸில் பித்தளை வில்லைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் பர்மனன்ட் ஆளுக்கான அட்டை கொடுத்தார்கள். அம்மா குழாயைத் திறந்து பார்த்தது, தண்ணீர் வந்தது, அதெல்லாம் பிறகு.

அட்டை வந்து, அப்பா முதல் ஷிப்ட் முடித்து வந்த அன்று, இனி யாரும் கொல்லைக்கு வர மாட்டார்கள் என்று நினைத்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெரியப்பா வந்தார், தன் இடத்தில் உட்கார்ந்தார். பின்னாலேயே சித்தப்பா. பிறகு மாமன்கள். எதற்கு வந்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை, முந்திரி மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நிற்பது தெரிந்தது. பக்கத்துத் தெருக் குழு, வேறு பெல்ட்டில் வேலை செய்பவர்கள். அவர்களுக்கு அடுத்த மாதம் பரீட்சை.

"நாங்களும் குந்தலாமாங்க?" என்று கேட்டார் அவர்களில் ஒருவர். அதுவரை 'டேய்' மட்டுமே வந்த வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த 'ங்க' வந்தது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது.

பெரியப்பா நகர்ந்து இடம் விட்டார். "வாங்க, குந்துங்க. ஒருத்தன் பேசசொல்ல மத்தவன் வாய மூடிகினு கேக்கணும். கஷ்டம் அது மட்டுந்தான்." அப்புறம் என் பக்கம் கையைக் காட்டினார். "மீதிய எங்க பாப்பா சொல்லிக் குடுத்துடும்."